பழைய இங்கிலீஷ் கதைல வர்ற பேய்கிட்ட எப்படி பேச்சு கொடுக்கறது

எங்க பாட்டி ஊர்ல யாருக்காவது பேய் பிடிச்சிடுச்சுன்னா கோடாங்கிய கூட்டிட்டு வருவாங்க. அவரு உடுக்கைய அடிச்சுக்கிட்டே எதிர்ல உக்காந்திருக்கறவங்கள பாத்து கேப்பாரு, யாரு நீ, எதுக்கு வந்த, என்ன வேணும் உனக்கு. மூணே கேள்வி தான். அதுக்கு பதில் வந்துட்டா படையல்ல என்ன வைக்கணும்னு தெரிஞ்சிடும், மீதி எல்லாம் சுலபம்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச மூணு வருஷத்துல சிலபஸ்ல எத்தனை பேய் வந்துச்சு, ஒண்ணுகிட்ட கூட இந்த மூணு கேள்விய கேக்கணும்னு யாரும் சொல்லித் தரல. 'ஹாம்லெட் நாடகத்தில் ஆவியின் பங்கு'ன்னு பதினைஞ்சு மார்க் கேள்வி வரும், கைடுல இருக்கறத அப்டியே எழுதிட்டு வந்துடுவோம், அவ்ளோ தான். பல வருஷம் கழிச்சு சும்மா ஒரு மழை நாள்ல ஹாம்லெட்ட திரும்ப எடுத்து படிச்சப்ப தான் கவனிச்சேன், முதல் சீன்லயே ஒருத்தன் நம்ம கோடாங்கி வேலைய தான் பாத்துட்டு இருக்கான். அதுல இருந்து எந்த பழைய இங்கிலீஷ் பேய்க்கதை எடுத்தாலும் இப்டி தான் படிக்கறேன், அத தான் இங்க சொல்லப் போறேன்.

முதல் வேலை, 'பேய் நிஜமா, இல்ல மனப்பிரமையா'ங்கற கேள்விய தூக்கி ஓரமா வைங்க. அது கெட்ட கேள்வி இல்ல, ஆனா முதல்லயே கேட்டா பேய் ஒரு ஆளா இருக்கறத விட்டுட்டு ஒரு புதிரா மாறிடும், அப்புறம் நீங்க டிடெக்டிவ் மாதிரி தடயம் தேட ஆரம்பிச்சிடுவீங்க. அதே மாதிரி புக்கு முன்னாடி இருக்கற முன்னுரைய கடைசியா படிங்க, பெரிய பெரிய ப்ரொஃபசருங்க மொத்த கதையையும் முதல் ரெண்டு பக்கத்துலயே போட்டு உடைச்சிருப்பாங்க.

சரி, ஹாம்லெட்டுக்கு வருவோம், ஷேக்ஸ்பியர் 1600 வாக்குல எழுதினது. டென்மார்க்ல எல்சினோர் கோட்டை, நடுராத்திரி காவல், செத்துப் போன ராஜா உருவத்துல ஒண்ணு ஏற்கனவே ரெண்டு ராத்திரி வந்துட்டு போயிருக்கு. காவல்காரங்க ஹொரேஷியோவ கூட்டிட்டு வராங்க, ஏன்னா அவன் படிச்சவன், அதுகிட்ட பேசத் தெரியும்னு. அவனும் முதல் தடவை அதிகாரமா கேக்கறான், யாரு நீ, ராஜாவோட உருவத்த எடுத்துட்டு வந்திருக்கியே, பேசுன்னு. அது கோவிச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிடுது. ரெண்டாவது தடவை வரும்போது தான் ஆளுக்கு புத்தி வருது, அதிகாரத்த விட்டுட்டு தன்மையா கேக்கறான்: உனக்கு நிம்மதி கெடைக்கற மாதிரி நான் செய்யக்கூடிய நல்ல காரியம் ஏதாவது இருக்கா? நாட்டுக்கு வரப்போற ஆபத்து ஏதாவது உனக்கு தெரியுமா? இல்ல உயிரோட இருந்தப்ப அநியாயமா சேத்த புதையல மண்ணுல புதைச்சு வச்சிருக்கியா?

இந்த இடத்துல பென்சில எடுத்து ஒரு கோடு போட்டுக்கோங்க. அந்த காலத்து ஆளுங்க மனசுல ஒரு பேய் எதுக்கெல்லாம் திரும்பி வரும்ங்கற பட்டியலே இது தான், தீராத காரியம், எச்சரிக்கை, புதையல். நம்ம ஊர் கணக்கும் பெருசா வேற இல்ல. ஆனா ஹொரேஷியோ கேட்டு முடிக்கறதுக்குள்ள சேவல் கூவிடுது, ஆவி போயிடுது.

கேள்வி சரி, கேட்ட ஆள் தான் தப்பு. அது மகன் கிட்ட மட்டும் தான் பேசும். ஹாம்லெட் வந்ததும் அவன மட்டும் தனியா கூட்டிட்டு போய் எல்லாத்தையும் கொட்டுது, தோட்டத்துல மதியம் தூங்கிட்டு இருந்தேன், உன் சித்தப்பன் காதுல விஷத்த ஊத்தினான், பழி வாங்கு, உங்கம்மாவ மட்டும் ஒண்ணும் பண்ணாத. ஆக கோடாங்கியோட மூணு கேள்வியோட நாலாவதா ஒண்ணு சேத்துக்கணும்: யார தேடி வந்திருக்கு, அந்த ஆள் கிட்ட போய் சேந்துச்சா. என்னைக் கேட்டா மத்த மூணையும் விட இந்த கேள்வி தான் அதிகமா வேலை செய்யும்.

அடுத்து டிரெஸ்ஸ பாருங்க, சிரிக்காதீங்க. ராஜா செத்தது தூக்கத்துல, ஆனா வர்றது தலையில இருந்து கால் வரைக்கும் போர்க்கவசத்தோட, அதுவும் பழைய நார்வே ராஜாவோட சண்டை போட்டப்ப போட்ட கவசம்னு ஹொரேஷியோ அடையாளம் சொல்றான். தூக்கத்துல ஏமாந்து செத்தவனா தன்னை யாரும் பாத்துடக் கூடாதுன்னு நெனைக்கற ஒரு பெருமை அதுல இருக்குன்னு எனக்கு தோணும், உங்களுக்கு வேற தோணலாம். அப்புறம் மூணாவது அங்கத்துல அம்மாவோட அறைக்கு அதே ஆவி வருது, 1603ல வந்த முதல் பதிப்புல அங்க ராத்திரி உடுப்போட வருதுன்னு குறிப்பு இருக்கு. கோட்டை மேல ராஜா, வீட்டுக்குள்ள புருஷன். அந்த அறைல ஹாம்லெட் கண்ணுக்கு மட்டும் தான் தெரியுது, பொண்டாட்டி கண்ணுக்கு தெரியல, கோட்டைல காவல்காரன் கண்ணுக்கெல்லாம் தெரிஞ்சது. அவ எப்படி தவிக்கறா பாரு, அவகிட்ட பேசுன்னு மகன் கிட்ட சொல்லிட்டு நிக்குது, தானே பேச முடியல. அதனால புக்கு ஓரத்துல ஒவ்வொரு தடவையும் யார் யார் பாத்தாங்க, யார் பாக்கலன்னு குறிச்சிக்கிட்டே வாங்க, கடைசில அந்த லிஸ்ட்டே பாதி கதை சொல்லிடும்.

இன்னொண்ணு, கொஞ்சம் மதம் தெரிஞ்சிருக்கணும், ரொம்ப வேணாம். அந்த ஆவி தன்னைப் பத்தி சொல்லும்போது ராத்திரி அலையணும், பகல்ல பாவம் எல்லாம் எரிஞ்சு தீர்ற வரைக்கும் நெருப்புல கெடக்கணும்னு சொல்லுது. அது கத்தோலிக்கர்கள் நம்பற உத்தரிக்கிற ஸ்தலம். ஆனா ஷேக்ஸ்பியர் எழுதின காலத்து இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடு, அப்டி ஒரு இடமே கெடையாதுன்னு சர்ச் சொல்லியாச்சு. இடமே இல்லன்னா அங்க இருந்து வந்தேன்னு சொல்ற இது யாரு? பிசாசு தான் அப்பா வேஷம் போட்டு வந்திருக்கோன்னு ஹாம்லெட் சந்தேகப்படறான், அவன் படிச்சதும் விட்டன்பர்க்ல, புராட்டஸ்டன்ட் பிரிவ ஆரம்பிச்சு வச்ச மார்ட்டின் லூதரோட ஊர். அதனால தான் சித்தப்பன் முன்னாடி ஒரு நாடகம் போட்டு சோதிச்சு பாக்கறான். வேலைய தள்ளிப் போடறவன்னு அவன திட்டற நோட்ஸ் எல்லாம் படிச்சிருப்பீங்க, இந்த சந்தேகத்தோட பாத்தா அவன் பக்கமும் நியாயம் தெரியும். (தமிழ்ல ஹாம்லெட் எப்டி இருக்கும்னு பாக்கணும்னா பம்மல் சம்பந்த முதலியாரோட 'அமலாதித்யன்' கெடைச்சா எடுத்து பாருங்க.)

பேசாத பேய்ன்னா என்ன பண்றது? அது என்ன செய்யுதுன்னு பாருங்க. ஷேக்ஸ்பியரோட இன்னொரு நாடகம் மாக்பெத்ல, நண்பன் பாங்க்கோவ கொல்ல ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி மாக்பெத் அவன் கிட்ட ராத்திரி விருந்துக்கு தவறாம வந்துடணும்ங்கறான், தவற மாட்டேன்னு பாங்க்கோ வாக்கு குடுக்கறான். அப்புறம் கொலை. விருந்து ஆரம்பிக்குது, பாங்க்கோ மட்டும் இங்க இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு மாக்பெத் நாக்கு கூசாம சொல்றான், பாத்தா மாக்பெத்தோட நாற்காலில ரத்தம் வழியற தலையோட பாங்க்கோ உக்காந்திருக்கான். வாக்கு குடுத்தான், வந்துட்டான். ஒரு வார்த்தை பேசல. இத விட மரியாதையான பேய் உண்டா சொல்லுங்க. மத்த யாருக்கும் தெரியாததால சில குழு ஒரு நடிகர உக்கார வைப்பாங்க, சில குழு காலி நாற்காலிய மட்டும் போட்டுடுவாங்க. முடிஞ்சா ரெண்டு விதமும் பாருங்க, காலி நாற்காலி போட்டா நீங்களும் விருந்தாளிங்கள்ல ஒருத்தர் ஆயிடுவீங்க, பைத்தியக்காரன பாக்கற மாதிரி அவன பாப்பீங்க.

ஷேக்ஸ்பியருக்கு அப்புறம் 1764ல ஹோரஸ் வால்போல் எழுதின 'ஒட்ரான்டோ கோட்டை'ன்னு ஒண்ணு இருக்கு, வானத்துல இருந்து ராட்சச ஹெல்மெட் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கி சாவான், படத்துல இருக்கற தாத்தா பெருமூச்சு விட்டு ஃப்ரேம விட்டு எறங்கி வருவாரு. இதுல தான் அந்த பாழடைஞ்ச கோட்டை வகை நாவல்லாம் ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும், அந்த ஹெல்மெட் கிட்ட போய் என்ன வேணும்னு கேக்கறதுல அர்த்தம் இல்ல.

நிஜமா உக்காந்து நிதானமா படிக்க வேண்டியது டிக்கன்ஸோட 'எ கிறிஸ்மஸ் கேரல்'. 1843 டிசம்பர் 19 வெளிவந்துச்சு, கிறிஸ்மஸுக்கு முந்தின நாளுக்குள்ள 6000 பிரதியும் வித்து தீந்துடுச்சு. கதை எல்லாருக்கும் தெரியும், கஞ்சன் ஸ்க்ரூஜ், செத்து ஏழு வருஷம் ஆன அவன் கூட்டாளி மார்லி, அப்புறம் மூணு ஆவி. தெரிஞ்ச கதைங்கறதால வேகமா படிச்சிடுவோம், அது தான் தப்பு. மார்லியோட சங்கிலிய பாருங்க, அது சும்மா இரும்பு இல்ல, கல்லாப் பெட்டி, சாவி, பூட்டு, கணக்கு லெட்ஜர், பத்திரம், கனமான பணப்பை எல்லாம் எஃகுல செஞ்சு கோத்திருக்கு. உயிரோட இருந்தப்ப நானே ஒவ்வொரு வளையமா செஞ்சு நானே விரும்பி மாட்டிக்கிட்டதுன்னு சொல்றான். தாடைய சுத்தி ஒரு துணி கட்டியிருக்கும், பொணத்துக்கு கட்டற மாதிரி, அத அவுத்ததும் தாடை நெஞ்சு வரைக்கும் தொங்கிடும். பயங்கரமான இடம் தான், ஆனா அதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் ஸ்க்ரூஜ் அவன பாத்து, நீ பேயே இல்ல, செரிக்காத மாட்டுக்கறியும் வேகாத உருளைக்கிழங்கும் தான் இப்டி தெரியுதுன்னு கிண்டல் அடிச்சுட்டு இருப்பான். அந்த ஜோக்க தாண்டி போயிடாதீங்க, அவன் பயத்துல தான் ஜோக் அடிக்கறான்னு டிக்கன்ஸே சொல்லிடுவாரு.

இப்ப மூணாவது கேள்விய கேளுங்க, மார்லிக்கு என்ன வேணும்? பழி இல்ல, புதையல் இல்ல, படையல் இல்ல. மார்லி ஜன்னல் வழியா வெளிய போனதும் ஸ்க்ரூஜ் எட்டி பாக்கறான், வானம் முழுக்க சங்கிலி மாட்டின ஆவிங்க, அதுல ஒரு கெழவன், கணுக்கால்ல பெரிய இரும்பு பெட்டகம், ஸ்க்ரூஜுக்கு தெரிஞ்ச ஆள் தான். கீழ ஒரு வாசப்படில பச்சைக் கொழந்தையோட ஒரு பொம்பளை உக்காந்திருக்கா, அவளுக்கு எதுவும் செய்ய முடியலையேன்னு அந்த கெழவன் கதறி அழறான். எல்லா ஆவிக்கும் அதே துக்கம், மனுஷங்களுக்கு உதவணும், ஆனா அதுக்கான சக்தி போயிடுச்சு. நரகத்த இப்டி ஒருத்தர் எழுதி நான் வேற எங்கயும் படிச்சதில்ல, கொதிக்கற எண்ணெய் எல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா.

அப்புறம் வர்ற மூணு பேரும் வேற ஜாதி. மார்லி செத்த மனுஷன், இவங்க எப்பவுமே மனுஷனா இருந்ததில்ல. நம்மகிட்ட பேய் வேற, பிசாசு வேற, முனி வேறன்னு இருக்கற மாதிரி இங்கயும் ஒரே பேர்ல ரெண்டு வகை ஓடுது, புக்கோட துணைத் தலைப்புல பேய்க்கதைன்னு இருந்தாலும் ஸ்க்ரூஜ் அவங்கள பெரும்பாலும் ஆவியேன்னு தான் கூப்பிடுவான். யாரு நீன்னு கேட்டா முதல் ஆவி சொல்ற பதில பாருங்க, கடந்த காலத்து கிறிஸ்மஸ்ங்குது, ரொம்ப காலம் முன்னாடியான்னு ஸ்க்ரூஜ் கேக்கறான், இல்ல, உன்னோடதுங்குது. மூணாவது ஆவி, வரப்போற கிறிஸ்மஸோடது, பேசவே பேசாது, கறுப்புத் துணிக்குள்ள இருந்து ஒரு கை நீட்டி காட்டும், அவ்ளோ தான். நடக்காத ஒண்ணுக்கு குரல் எங்க இருந்து வரும்.

எமிலி ப்ரான்டேயோட 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) முழுசும் பேய்க்கதை இல்ல, ஆனா மூணாவது அத்தியாயம் மட்டுமாவது ராத்திரில படிங்க. லாக்வுட்னு ஒரு வாடகைக்காரன் பனில மாட்டிக்கிட்டு வுதரிங் ஹைட்ஸ்ங்கற வீட்ல ஒரு பழைய கட்டில்ல தூங்கறான், கனவுல ஜன்னல்ல மரக்கிளை தட்டற சத்தம், கிளைய பிடிக்கலாம்னு கைய விட்டா ஐஸ் மாதிரி ஒரு சின்ன கை பிடிச்சுக்குது. யாரு நீங்கறான், கேத்தரின் லின்டன்னு பதில் வருது. இங்க நிறுத்துங்க. முகம் கொழந்தை முகம், ஆனா லின்டன்ங்கறது அவ கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் வந்த பேர். கொழந்தைல அவ கேத்தரின் எர்ன்ஷா, அந்த பேர தான் லாக்வுட் தூங்கறதுக்கு முன்னாடி இருபது தடவை படிச்சான், அவனுக்கே ஏன் லின்டன்னு வந்துச்சுன்னு புரியல. தொலைஞ்சு போய் இருபது வருஷமா அலையறேன், உள்ள விடுன்னு அழுது. லாக்வுட் என்ன பண்றான் தெரியுமா, அந்த மணிக்கட்ட ஒடஞ்ச கண்ணாடில வச்சு ரத்தம் வர்ற வரைக்கும் தேய்க்கறான். அந்த அத்தியாயத்துல பேயா நடந்துக்கறது மனுஷன் தான். சத்தம் கேட்டு, கேத்தரின காதலிச்ச வீட்டுக்காரன் ஹீத்க்ளிஃப் ஓடி வந்து ஜன்னல தெறந்து வா, உள்ள வான்னு கதறும்போது வெளிய வெறும் பனி. நம்ம நாலாவது கேள்வி ஞாபகம் இருக்கா, இங்கயும் கட்டில்ல படுத்திருந்தது தப்பான ஆள்.

இனிமே தான் கஷ்டமான பகுதி. ஹென்றி ஜேம்ஸோட 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ', 1898. ப்ளைங்கற பெரிய வீட்ல ரெண்டு கொழந்தைங்க, மைல்ஸ், ஃப்ளோரா, அவங்கள பாத்துக்க வர்ற பேர் சொல்லாத ஒரு டீச்சரம்மா, முன்னாடி அங்க வேலை பாத்து செத்துப் போன ரெண்டு பேரோட உருவம், பீட்டர் க்வின்ட், மிஸ் ஜெசல். ரெண்டும் வாயே தெறக்காது. டீச்சரம்மா தான் எல்லாத்தையும் நமக்கு சொல்றா, அவ சொல்றத விட்டா நம்மகிட்ட வேற ஒண்ணும் இல்ல. ஏரிக்கரைல மிஸ் ஜெசல் அதோ நிக்கறான்னு அவ காட்டும்போது வீட்டு வேலை பாக்கற மிசஸ் க்ரோஸுக்கு எதுவுமே தெரியல. ஆனா முன்னாடி க்வின்ட்டோட முகத்த அவ வர்ணிச்சப்ப இதே மிசஸ் க்ரோஸ் தான் ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு சொன்னது, அதுவும் கணக்குல இருக்கு. 1934ல எட்மண்ட் வில்சன்னு ஒரு விமர்சகர் எல்லாம் அந்த பொண்ணோட மனசுக்குள்ள தான்னு எழுதினாரு, அதுல இருந்து சண்டை ஓயல. ரெண்டு தடவை படிங்க, முதல்ல அவள நம்பி, அடுத்து நம்பாம. படிக்கும்போது ஒண்ண மட்டும் கவனிங்க: க்வின்ட் தன்னை தேடி வரல, மைல்ஸ தேடி வந்திருக்கான்னு யார் சொன்னது? அவளே தான். பேய் வாயத் தெறக்கல, கோடாங்கியே கேள்வியும் கேட்டு பதிலும் சொல்லிக்கிட்டா எப்டி இருக்கும், அப்டி. அதோட முடிவுல ஒரு சின்னப் பையன் தான் பலியாவான்.

மனசு கனத்துப் போச்சுன்னா ஆஸ்கர் வைல்டோட 'கேன்டர்வில் பேய்' எடுங்க, 1887. 1575ல பொண்டாட்டிய கொன்ன சர் சைமன் முன்னூறு வருஷமா அந்த வீட்ல எல்லாரையும் பயமுறுத்திட்டு இருக்காரு, அமெரிக்கக் குடும்பம் ஒண்ணு அந்த வீட்ட வாங்கிட்டு வருது, ரத்தக்கறைய ஸ்டெய்ன் ரிமூவர் போட்டு தொடைக்கறாங்க, சங்கிலி சத்தம் தூக்கத்த கெடுக்குதுன்னு எண்ணெய் பாட்டில நீட்டறாங்க. பாவம் பேய் அந்த வீட்டு பொண்ணோட பெயின்ட் பாக்ஸ திருடி கறைய திரும்ப போடுது, செவப்பு தீந்து போனதால ஒரு நாள் கறை பச்சையா இருக்கு. சிரிச்சு முடிச்சதும் பாருங்க, அந்த குடும்பத்துல வர்ஜீனியா மட்டும் தான் அது பக்கத்துல உக்காந்து பேசறா. அதுக்கு வேண்டியது தூக்கம். முன்னூறு வருஷமா தூங்கல.

கேக்கவே கூடாத பேயும் உண்டு. எம். ஆர். ஜேம்ஸ் கேம்ப்ரிட்ஜ்ல கிங்ஸ் காலேஜ் ஆளு, கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி நண்பர்கள உக்கார வச்சு தான் எழுதின கதைய வாசிச்சு காட்டுவாராம், 1904ல முதல் தொகுப்பு வந்துச்சு. அதுல ஒரு ப்ரொஃபசர் கடற்கரைல பழைய இடிபாட்டுல ஒரு விசில கண்டெடுப்பாரு, அது மேல லத்தீன்ல எழுதியிருக்கும், வர்றது யாருன்னு. முதல் கேள்விய இங்க விசிலே கேக்குது! அந்த மனுஷனுக்கு லத்தீன் மறந்து போச்சு, முழுசா புரியல, ஊதிடறாரு. வர்றதுக்கு சொந்தமா உடம்பு கூட இல்ல, பக்கத்து கட்டில்ல கெடக்கற பெட்ஷீட்ட எடுத்து போட்டுக்குது. அதுக்கு என்ன வேணும்னு கடைசி வரைக்கும் தெரியாது.

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா நான் ஷேக்ஸ்பியர சொல்ல மாட்டேன், டிக்கன்ஸோட 'தி சிக்னல்மேன்' சொல்வேன். சின்ன கதை, ஒரு மணி நேரம் கூட ஆகாது, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் வெப்சைட்ல ஃப்ரீயா கெடைக்கும். டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்னிக்கு ஸ்டேபிள்ஹர்ஸ்ட்ல கவுந்த ரயில்ல இருந்தவரு, பத்து பேர் செத்தாங்க, கீழ எறங்கி அடிபட்டவங்களுக்கு தண்ணி குடுத்தவரு, அடுத்த வருஷம் இந்த கதை வந்துச்சு. ஒரு டனல் வாசல்ல தனியா வேலை பாக்கற சிக்னல்காரன், டனல் வாயில ஒரு உருவம், ஒரு கையால கண்ண மறைச்சுக்கிட்டு இன்னொரு கைய ஆட்டும். அது ஒவ்வொரு தடவை வந்ததுக்கு அப்புறமும் சாவு தான். மூணாவது தடவை வர ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு என்ன வேணும், எத எச்சரிக்குதுன்னு அவனுக்கும் புரியல, மேலதிகாரிக்கு தந்தி அடிச்சா ஆபத்துன்னு சொல்லலாம், எங்க, என்ன ஆபத்துன்னு கேட்டா என்ன பதில் சொல்றது.

இதுல நாலு கேள்வியையும் பேய்கிட்ட மட்டும் கேட்டு நிறுத்திடாதீங்க, கதைய சொல்றவன் கிட்டயும் கேளுங்க. கதையோட முதல் வரில மேட்டு மேல நின்னு கீழ பாத்து கூப்பிடறது அவன் தான், அதே வார்த்தைய தான் பேயும் சொல்லி கூப்பிட்டிருக்குன்னு அப்புறமா தெரியும். கடைசில சிக்னல்காரன் ரயில்ல அடிபட்டு சாகறான், இன்ஜின் டிரைவர் அந்த நேரத்துல கையால கண்ண மறைச்சுக்கிட்டு இன்னொரு கைய ஆட்டி கத்தின வார்த்தைகள சொல்றான். அதுல பாதி பேய் சொன்னதா சிக்னல்காரன் சொன்ன வார்த்தை. மீதி பாதிய யாரும் எங்கயும் சொன்னதே இல்ல, அந்த கையசைப்புக்கு பொருத்தமா கதை சொல்றவன் தன் மனசுக்குள்ள மட்டும் நெனைச்சு வச்சிருந்தது.